நாழிகைக் கணக்கும் ஆய்வேடும்

‘கவனக்குறைவு’ என்னும் சொல்லைத் தமிழர் எவ்விடங்களில் ஆள்கின்றனர் என்பதை முதற்கண் நோக்குவோம். சாலை விபத்துச் செய்தியில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று படிக்கிறோம். கணக்கில் பிழை நேர்ந்தால் எழுத்தரின் கவனக்குறைவு என்கிறோம். பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் சிவப்பு மையால் எழுதுவதும் அதுவே. இவ்விடங்கள் அனைத்திலும் அச்சொல் ஒரு குற்றத்தைச் சுமத்துகிறது. கவனிக்கக் கடமைப்பட்டவரும் கவனிக்க இயன்றவருமான ஒருவர் கவனியாது விட்டார் என்பது அதன் பொருள். ஏ.டி.எச்.டி. எனப்படும் நரம்பு வளர்ச்சி வேறுபாட்டுக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது இச்சொல்லையே முதலில் நிறுத்தி, ‘கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு’ என்றோம். ஒரே தொடரில் குறைவு, மிகை, குறைபாடு என மூன்று பழிகள். கலைச்சொல்லாக்கப் பட்டறைகள் பலவற்றில் அமர்ந்து எழுந்தவர் என்ற முறையில் இதில் நமக்கும் பங்குண்டு.

இந்நிலை உடையோரிடம் கவனம் குறைவாக இருப்பதில்லை. ஒரு சொல்லின் வேரைத் தேடி விடியும்வரை அமர்ந்திருப்பவரும் அவரே. மறுநாள் அளிக்க வேண்டிய இரண்டு பக்கத்தைத் தொடாமல் விடுபவரும் அவரே. கவனம் உண்டு, அது அழைத்த இடத்துக்கு வருவதில்லை. ஆகவே இவ்வுரையில் ‘கவனச் சீரின்மை’ என்றே வழங்குவோம். சிறந்ததொரு சொல் கிடைக்கும்போது இதைக் கைவிடலாம்.

உயர்பட்ட ஆய்வை மேற்கொள்ளும் மாணவருள் இந்நிலை உடையோர் காலத்தையும் எழுத்துப் பணியையும் எவ்வாறு கையாளலாம் என்பது இன்றைய பொருள். மருத்துவம் நம் துறையன்று. முப்பதாண்டுக்கு மேலாக ஆய்வேடுகளை மேற்பார்வையிட்டவர் என்பதும், அவற்றுள் ஒன்றை நம் அறியாமையால் இழந்தவர் என்பதுமே இது பற்றிப் பேச நமக்குள்ள தகுதி.

இழந்த ஆய்வேட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். மலேசியத் தமிழரின் பேச்சுமொழி ஆய்வுக்கு நல்ல தொடக்கம் ஒன்று இருந்தது. முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்த 1966ஆம் ஆண்டிலேயே, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைச் சேர்ந்த இராம. சுப்பையா கீழ்ப் பேராக்கின் தமிழ்க் கிளைமொழிச் சொற்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவ்வழியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழை ஆராய்வதற்காக 1990களில் ஒரு மாணவர் நம்மிடம் வந்தார். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பால்மரம் வெட்டியவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். அம்முதியவர்களைத் தேடிச் சென்று 62 ஒலிநாடாக்களில் அவர்களது பேச்சைப் பதிவு செய்தார். களப்பணியில் அவரைப் போல் உழைத்தவரை நாம் கண்டதில்லை.

எழுதும் கட்டம் வந்தது. சனிக்கிழமைதோறும் வருவார். திரும்பும் வழியில் மாமாக் கடையில் தேநீர் அருந்தியபடி ஓர் இயல் முழுவதையும் வாய்மொழியாக விளக்குவார். “இதையே எழுதிக்கொண்டு வாருங்கள்” என்போம். “அடுத்த வாரம், ஐயா” என்பார். அந்த அடுத்த வாரம் நான்கு ஆண்டுகள் வரவில்லை. அவர் சோம்பேறியும் அல்லர், பொய்யரும் அல்லர் என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் ஒருநாள், “அரைகுறையாக எதையும் காட்ட வேண்டா, முழுமையானதும் வாருங்கள்” என்று கூறினோம். ஊக்கம் தருவதாக எண்ணியே கூறினோம். அதன்பின் அவர் வரவில்லை. ஐந்தாம் ஆண்டில் பதிவு நீங்கியது. பல்லாண்டுகள் கழித்துத் தம் மகளின் படிப்புத் தொடர்பாக ஒரு மருத்துவரைக் கண்டபோது, மகளைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒவ்வொரு வினாவுக்கும் தம்மைப் பற்றியே விடை சொல்லிக்கொண்டிருப்பதை அவர் உணர்ந்தாராம். நாடாவில் பேசிய முதியவர் எவரும் இன்று உயிருடன் இல்லை.

கவனச் சீரின்மை இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமையன்று. 1798இல் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் ஒன்றில் நிலைத்து நிற்காத மனத்தைப் பற்றி எழுதினார். 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் குழந்தைகளிடம் கண்ட இத்தகைய நிலைகளைப் பற்றி உரைகள் ஆற்றினார். நெடுங்காலம் இது சிறுவர்க்கே உரியது, வளர்ந்தால் நீங்கும் என்று கருதப்பட்டது. 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கெனத் தனி அளவைக் குறித்தது: சிறுவர்க்கு ஆறு அறிகுறிகள் வேண்டும், இவர்க்கு ஐந்து போதும். அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். இந்த இறுதி நிபந்தனை முக்கியமானது. ஆய்வேடு எழுதும்போது மட்டும் கவனம் சிதறுகிறது என்றால் அது வேறு காரணத்தால் இருக்கலாம். தொடக்கப்பள்ளி நாள்களிலிருந்தே அடையாளங்கள் உண்டா என்று மருத்துவர் கேட்பார். பழைய தேர்ச்சி அறிக்கைகளை எடுத்துச் செல்வது நல்லது. நம் நாட்டில் அரசு சுகாதார நிலையத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று அரசு மருத்துவமனையின் உளமருத்துவப் பிரிவுக்குச் செல்லலாம். மருந்து வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்வர். மருந்தால் பெரும்பயன் அடைந்த மாணவரை நாம் அறிவோம். எனினும் மருந்து இயலை எழுதித் தருவதில்லை என்று அவர்களே சொல்வர்.

தொடக்கப்பள்ளி முதல் இளங்கலை வரை தேறிய ஒருவர் ஆய்வேட்டில் ஏன் தடுமாறுகிறார்? பள்ளியிலும் இளங்கலையிலும் காலத்தை வேறொருவர் வெட்டித் தருகிறார். மணி அடிக்கிறது, பாடம் மாறுகிறது, வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, பருவத்தின் இறுதியில் தேர்வு உண்டு. உயர்பட்ட ஆய்வில் இவை அனைத்தும் ஒரே நாளில் மறைகின்றன. மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு என்னும் ஒற்றைத் தவணை மட்டும் எஞ்சுகிறது. உரிய காலத்தில் பட்டம் பெறுமாறு பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் நினைவூட்டும். அந்த உரிய காலத்தை மாணவர் கண்ணால் காண இயலாது.

இங்கு நம் துறையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் காலம் மூன்று என வகுத்தார். ஆயினும் சங்க இலக்கியத்தின் வினை வடிவங்களை ஆராய்ந்தோர், அங்கு இறந்தகாலம், இறந்தகாலம் அல்லாதது என்னும் இரு பிரிவே அடிப்படை என்பர். கிறு, கின்று முதலிய நிகழ்கால இடைநிலைகள் பின்னரே பெருகின. மொழி காலத்தை மூன்றாகத்தான் வெட்ட வேண்டும் என்பதில்லை. கவனச் சீரின்மை உடையோரும் காலத்தை இரண்டாகவே உணர்வதாகச் சொல்வர். ஆனால் அவர்கள் வெட்டும் இடம் வேறு: ‘இப்போது’ ஒன்று, ‘இப்போது அல்லாதது’ மற்றொன்று. நாளை மறுநாளும் அடுத்த ஆண்டும் ஒரே தொலைவில் நிற்கின்றன. “அடுத்த வாரம், ஐயா” என்ற சொல்லை நாம் வாக்குறுதி என்று கேட்டோம். அவர் சொன்னதோ ‘இப்போது அல்ல’ என்பது மட்டுமே.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இந்நிலையை அறியாமையாகக் கொள்வதில்லை. அறிந்ததை உரிய நேரத்தில் செய்ய இயலாமை என்று விளக்குகிறார். காலத்தைக் காண இயலாத ஒருவகைப் பார்வையின்மை என்றும் கூறுகிறார். இவ்வுரை நிகழும் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இவ்வுவமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. நடைபாதைகளில் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. கைத்தடியால் அவற்றைத் தொட்டு நடந்து செல்வோரை நாள்தோறும் காண்கிறோம். அவர்களிடம் எவரும் இன்னும் சற்று முயன்று பாருங்கள் என்று சொல்வதில்லை. வழியைக் காலுக்குத் தெரியுமாறு அமைத்தோம், அவர்கள் நடக்கின்றனர். அவ்வோடுகளின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவோரும் நம்மிடையே உண்டு. அது வேறு உரைக்குரியது. காலத்தைக் காணாதவர்க்கும் அதைக் கையால் தொடுமாறும் காதால் கேட்குமாறும் வெளியே அமைத்துத் தருவதே செய்யத்தக்கது.

இதில் இழிவு ஏதுமில்லை. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கே நீர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பொழுதை அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் இருக்கின்றனர். படை நடத்தும் வேந்தன் காலத்தைத் தன் தலைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வள்ளுவரும் காலமறிதலை 49ஆம் அதிகாரத்திலும், பொச்சாவாமையை 54இலும், மடியின்மையை 61இலும் வைத்தார். அவர் பேசியது ஆட்சியைப் பற்றியே என்றாலும், காலமறியாமையும் மறதியும் சோம்பலும் ஒன்றல்ல என்ற தெளிவு அவ்வைப்பு முறையிலேயே இருக்கிறது. நாமோ மூன்றுக்கும் சோம்பேறி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

கிள்ளானிலிருந்து வந்த மற்றொரு மாணவியிடம் நாம் கற்றவற்றை இனிக் கூறுவோம். அவர் தம் நிலையை மருத்துவர் வழி முன்பே அறிந்தவர். முதல் சந்திப்பிலேயே அதை நம்மிடம் சொன்னார். முதலாமவரிடம் செய்ததை மீண்டும் செய்யக் கூடாது என்னும் அச்சம் நமக்கு இருந்தது.

அவர் முதலில் மாற்றியது அளவையை. நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. 1980களின் இறுதியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை 25 நிமிடத்துக்குத் திருப்பிவைத்துப் படித்தார் என்பதும், அம்முறை உலகெங்கும் பரவியதும் பலர் அறிந்ததே. நம்மிடம் ஏறத்தாழ அதே நீளத்தில் ஓர் அளவை முன்பே இருந்தது என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி. மாணவியும் ‘மணி’ என்ற கணக்கை விட்டு ‘நாழிகை’ என்று எண்ணத் தொடங்கினார். கைப்பேசியில் நேரம் வைக்கவில்லை. கைப்பேசியைத் தொட்டால் திரும்பி வருவது அரிது என்றார். மணற்கடிகாரம் போல் மீதியைக் கண்ணுக்குக் காட்டும் சிறு கருவி ஒன்றை மேசையில் வைத்தார்.

பின்னர் ஒரு மாதம் எதையும் திட்டமிடாமல், எந்த வேலைக்கு எத்தனை நாழிகை ஆகிறது என்பதை மட்டும் குறித்தார். விடை நம் இருவரையும் திகைக்க வைத்தது. ஒரு பத்தியை எழுதித் திருத்த 4 நாழிகை ஆயிற்று. பகுதிநேர வகுப்புகளுக்கும் வீட்டுக் கடமைகளுக்கும் போக ஒரு வாரத்தில் அவரால் மெய்யாகவே எழுத இயன்றது 15 நாழிகை, அதாவது ஆறு மணி நேரம். 60 பத்திகள் கொண்ட இயலுக்கு 240 நாழிகை. எனவே 16 வாரம். அவர் தம் திட்ட அட்டவணையில் அவ்வியலுக்கு ஒதுக்கியிருந்தது மூன்று வாரம். அவ்வட்டவணையைப் பார்த்து ஒப்பமிட்டவர் நாமே.

இத்தவறு கவனச் சீரின்மை உடையோர்க்கு மட்டும் உரியதன்று. 1994இல் ரோஜர் பியூலர் முதலிய உளவியலாளர் மூவர், இளங்கலைச் சிறப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த 37 மாணவரிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டனர். சராசரி விடை ஏறத்தாழ 34 நாள். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றனர். முடிந்ததோ 56ஆம் நாளில்தான். எல்லாரும் கனவு காண்கின்றனர். காலத்தைக் காணாதவர் அதற்குக் கொடுக்கும் விலை மிகுதி, அவ்வளவே.

அடுத்து இலக்கின் சொற்றொடர். ‘மூன்றாம் இயலை எழுத வேண்டும்’ என்பது இலக்கே அன்று. அது ஒரு கவலை. எங்கே தொடங்குவது என்பது அதில் இல்லை. ‘தண்டல், கங்காணி ஆகிய இரு சொற்களும் தோட்டத்தில் யாரைச் சுட்டின என்பதை ஐந்து வாக்கியத்தில் எழுதுதல்’ என்பது இலக்கு. வினைமுற்றும் செயப்படுபொருளும் முடியும் இடமும் அதில் உண்டு. அதனோடு இடத்தையும் வேளையையும் கட்டிவிட வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிறிஸ்துமஸ் முந்நாளை எவ்வாறு கழித்தனர் என்று இரண்டு நாளுக்குள் எழுதியனுப்புமாறு மாணவரைக் கேட்டனர். எங்கே, எப்போது எழுதப் போகிறோம் என்பதை முன்கூட்டிக் குறித்தவருள் பத்தில் ஏழு பேர் உரிய நேரத்தில் எழுதினர். குறிக்காதவருள் மூன்று பேரே எழுதினர். நம் மாணவி குறித்துக்கொண்ட தொடர் இது: “கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் கதவு மூடியதும் மடிக்கணினியைத் திறப்பேன்.” கே.எல். சென்ட்ரல் வந்து சேர்வதற்குள் இரண்டு நாழிகை கிடைக்கும். ஆய்வேட்டின் நல்ல பகுதிகள் பல அத்தொடர்வண்டியில் எழுதப்பட்டவை. இருக்கை கிடைக்காத நாள்களில் நின்றபடியே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொள்வார்.

பேசிப் பதிதல் என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மாமாக் கடையில் இயலையே பேசியவரை நாம் எழுதச் சொன்னோம். அவர் பேசியதையே பதிவு செய்திருக்கலாம். அவர் செய்த ஆய்வே பேச்சைப் பதிந்து எழுத்தாக்குவது! பிறர் பேச்சை எழுத்தாக்கக் கற்ற மொழியியல் மாணவர் தம் பேச்சையும் அவ்வாறே எழுத்தாக்கலாம் என்பது ஒரு பேராசிரியர்க்கு நான்கு ஆண்டுகளாகத் தோன்றவில்லை. வெற்றுத் தாளில் முதல் வாக்கியத்தை உண்டாக்குவது வேறு. முன்னே கிடக்கும் கொச்சையைத் திருத்துவது வேறு. பின்னதற்குக் கவனச் சீரின்மை உடையோரின் மனம் எளிதில் இசைகிறது.

எழுதும்போது குறுக்கிடும் எண்ணங்களுக்கு மாணவி ஒரு சிறு குறிப்பேட்டை அருகில் வைத்திருந்தார். ‘தவ்க்கே’ என்னும் சொல் சீனத்திலிருந்து மலாய் வழியாகவா, நேரடியாகவா தமிழுக்கு வந்தது என்று ஓர் ஐயம் எழுந்தால், முன்பெல்லாம் அன்றைய மாலை அதிலேயே போகும். இப்போது அதை ஒரு வரியில் குறித்துவிட்டுப் பத்திக்குத் திரும்புவார். ஞாயிறு மாலை அக்குறிப்பேட்டுக்கு உரியது. அதிலிருந்து பின்னர் இரண்டு கட்டுரைகள் உருவாயின என்பதையும் சொல்ல வேண்டும். அலையும் மனம் வீணன்று.

தனியே எழுத இயலாதவர் பலர், மற்றொருவர் அருகிலிருந்தால் எழுதுவர். அம்மற்றவர் உதவ வேண்டியதில்லை. தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். செவ்வாய், வியாழன் மாலைகளில் பிரிக்பீல்ட்சில் ஓர் உணவகத்தின் மாடியில் நான்கு மாணவர் இவ்வாறு கூடி எழுதினர். பேச்சில்லை. மூன்று நாழிகை எழுதியபின் தோசை.

இம்முறைகள் எவையும் நிலையாக வேலை செய்வதில்லை என்பதை ஒளிக்க மாட்டோம். புதிய நாட்குறிப்பு மூன்று வாரம் பயன்படும். பின்னர் கண்ணில் படாமற் போகும். தீபாவளி விடுமுறையோ தைப்பூசமோ வந்தால் தொடர் அறும். நம் மாணவி ஓராண்டுக்குள் ஐந்து முறை கருவியையும் நேரத்தையும் மாற்றினார். மாற்றும்போதெல்லாம் தோற்றுவிட்டதாக அழுவார். மருந்தளவை மருத்துவர் மாற்றுவது போல்தான் இதுவும் என்று அவரே ஒருநாள் கண்டுகொண்டபின் அழுகை குறைந்தது.

மேற்பார்வையாளர் செய்ய வேண்டியதும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் சட்டம் நம் நாட்டில் 2008இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் ஆய்வறைக்குள் நடப்பது பெரும்பாலும் மேற்பார்வையாளரின் பழக்கத்தைப் பொறுத்தது. நாம் மாற்றிக்கொண்டவை எளியன. சந்திப்பு முடிந்ததும் அடுத்த முறைக்குரிய ஒரே வேலையை எழுதி அன்றே அனுப்பினோம். வாய்மொழியாகச் சொன்னவை மின்தூக்கி இறங்குவதற்குள் மறந்துவிடும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் என்றிருந்ததை வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஆக்கினோம். ஒன்றுமே எழுதவில்லை என்றாலும் வர வேண்டும் என்றோம். அரைகுறையைக் காட்டுங்கள், அதுவே வேண்டும் என்றோம். முதலில் அவர் நம்பவில்லை. பிழைகள் மலிந்த ஒன்றரைப் பக்கத்தை அனுப்பிவிட்டு, பத்து நிமிடத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டு மற்றொரு மடல் அனுப்பினார். அவ்வொன்றரைப் பக்கமே பின்னர் நான்காம் இயலாயிற்று. பதிவுக்காலம் முடிய ஒரு பருவம் இருக்கையில் ஆய்வேட்டை ஒப்படைத்தார்.

முதலாம் மாணவர் சென்ற ஆண்டு கிள்ளானில் நம் வீட்டுக்கு வந்தார். நரைத்துவிட்டார். 62 நாடாக்களும் ஒரு பிஸ்கட் தகரத்திலும் இரண்டு காலணிப் பெட்டிகளிலும் அவரிடம் பத்திரமாகவே இருந்தன. மூன்று மட்டும் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டன. எஞ்சியவற்றை ஒலிக்கோப்புகளாக மாற்றியாயிற்று. பட்டம் இனி வேண்டா என்கிறார்; நாடாக்கள் எழுத்தாக வேண்டும் என்கிறார். சனிக்கிழமை காலையில் நம் உணவு மேசையில் எதிரெதிரே அமர்கிறோம். அவர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு எழுதுகிறார். நாம் வேறு ஏதேனும் படித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு நாழிகை, பின் தேநீர், மீண்டும் இரண்டு நாழிகை. இப்போது பதினோராம் நாடா நடக்கிறது. காப்பார்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி, விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதைப் பற்றி அதில் பேசிக்கொண்டிருக்கிறார்.